படாக் பலகையில் நான்கு துளைகள்

போர்ட் பிளேரில், பத்துபஸ்தி இறக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் ஒருவர் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார். அவர் புதிதாக பிக்கப் வாங்கியிருக்கிறார். அதைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் மீட்டர் முள் ஒன்று கூட இல்லை. டிவி மாதிரி ஒரு திரை எரிகிறது. அதில் மஞ்சளாக ஓர் எஞ்சின் படம். "இது என்ன சொல்லுதுன்னு பாருய்யா" என்றார். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "தெரியாதுன்னா எதுக்கு வந்த?" என்றார். கூப்பிட்டதே அவர்தான் என்று சொல்லிப் பயனில்லை. இறங்கி நடந்துவிட்டேன். நான் வாழ்க்கையில் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வேலை, இறங்கி நடப்பது.

பாதி இறக்கத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. உள்ளே யாரோ ஈயம் பற்றவைக்கிறார்கள். அந்தப் புகை உங்களுக்குப் பழக்கமோ என்னவோ. பிசின் கருகும் வாடை. கொஞ்சம் சாம்பிராணி மாதிரி இருக்கும், ஆனால் பக்தி வராது. எனக்குக் கோபம்தான் வரும். என் இருபத்திரண்டாம் வயதில், சுற்றியிருந்த எல்லாரும் என்மேல் எரிச்சலாக இருந்த ஒரு மாதத்தின் வாடை அது.

அந்த மாதம் இதே இறக்கத்தின் அடியில், துரைப்பாண்டியின் பட்டறையில் கழிந்தது. நான் பிறந்தது நிக்கோபாரில், கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பள்ளிக்கூடத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பிறகு வடக்கே திக்லிபூரில் பாக்கு உரித்தேன். சாத்தம் மரமில்லில் தூள் வாரினேன். ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் எட்டு மாதம் இருந்து ஈயம் பற்றவைக்கக் கற்றேன். அந்த எட்டு மாதத்தை நம்பித்தான், "உனக்கு மீட்டர் வேலை தெரியுமா?" என்று துரைப்பாண்டி கேட்டபோது தலையாட்டினேன்.

துரைப்பாண்டி ராமநாதபுரத்துக்காரர். பட்டறையும் அவருடையது, பிக்கப்பும் அவருடையது. போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூருக்குச் சிமெண்டும் தகரமும் போகும், அங்கிருந்து பாக்கும் தேங்காயும் வரும். வண்டியின் மீட்டர் எல்லாம் செத்திருந்தன. இங்கே காற்றில் உப்பு. செம்புக் கம்பி ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். புது மீட்டர் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் வந்தாலும் மீட்டர் வராது. "நீயே ஒண்ணு செஞ்சு மாட்டு. சூட்டு மீட்டர்தான்டா முக்கியம். பாக்கியெல்லாம் அழகுக்கு" என்றார்.

சூடு ஏன் முக்கியம் என்றால், வடக்கே போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் கேட்டில் எல்லா வண்டிகளையும் நிறுத்திவைத்து, குறித்த நேரத்தில் போலீஸ் வண்டி முன்னும் பின்னுமாக, வரிசையாக விடுவார்கள். கான்வாய் என்பார்கள். நடுவில் நிற்கக் கூடாது. இறங்கக் கூடாது. அங்கே எஞ்சின் கொதித்தால் நம் ஒரு வண்டி மட்டும் நிற்காது. வரிசை முழுதும் நிற்கும், நம் வண்டி நம்பர் போலீஸ் நோட்டில் ஏறும்.

இனி அந்த வண்டியின் டிரைவர். மாரிமுத்து, கடலூர்ப் பக்கம். நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். எஞ்சின் சூடு பாதத்துக்குத் தெரியும் என்பது அவர் கொள்கை. மீட்டர் செத்த வண்டியை இரண்டு வருடம் அந்தப் பாதத்தாலேயே ஓட்டியிருந்தார், ஒருமுறை கூடக் கொதிக்கவிட்டதில்லை. அவருக்கு மீட்டர் மாட்டுவதென்பது அவர் காலை வெட்டுவதற்குச் சமம். அது எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தாலும் அனுதாபம் வந்திருக்காது; முதல் நாளே என்னை "க்யா ரே கச்சால், எட்டாங்கிளாஸ் இன்ஜினியர் சாப்" என்றவர் அவர்.

தினசரி காலண்டரின் பின் அட்டையில் முதலில் வரைந்தேன். நான்கு வட்டம்: வேகம், டீசல், ஆயில், சூடு. எந்த முள் எங்கே என்பது சின்ன விஷயமில்லை. ஸ்டீயரிங் வட்டம் பார்வையை மறைக்கும். எது மறையும், எது மறையாது என்பது ஓட்டுகிறவரின் கண் உயரத்தைப் பொறுத்தது. அதனால் டிரைவரை உட்காரவைத்து, அவர் கண்ணிலிருந்து அட்டைக்கு நூல் பிடித்து அளக்க வேண்டியிருந்தது.

"அண்ணே, ஓட்டும்போது உக்கார்ற மாதிரி உக்காருங்க."

"இப்படித்தான் உக்காருவேன்." சீட்டில் படுத்திருந்தார்.

"படுத்துக்கிட்டா ஓட்டுவீங்க?"

"நான் படுத்துக்கிணு ஓட்டுவேன், நின்னுக்கிணு ஓட்டுவேன். உனுக்கு இன்னாடா? நூலப் புடி."

நானும் வீம்புக்காரன். படுத்திருந்த கண்ணுக்கே நூல் பிடித்து, அதற்கே துளை குறித்தேன். சூட்டு மீட்டரை மட்டும் எப்படி உட்கார்ந்தாலும் தெரியும்படி நடுவில் வைத்தேன்.

பலகை, சாத்தம் மில்லின் கழிவுக் குவியலில் கிடைத்த படாக் துண்டு. ரத்தச் சிவப்பு மரம். உப்புக்கும் கறையானுக்கும் அசையாது. நான்கு துளையும் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, எண்ணெய் பூசிச் சாய்த்துவைத்தபோது, இவ்வளவு அழகான ஒன்றை அதற்குமுன் நான் செய்ததில்லை என்று தோன்றியது. பின்னரும் செய்யவில்லை. துரைப்பாண்டி வந்து பார்த்து, "சாமி படம் மாட்டவாடா பலகை செய்யச் சொன்னேன்? முள்ளு எங்கடா?" என்றார்.

வேகம், டீசல், ஆயில் மூன்றுக்கும் பழைய மீட்டர்களையே துடைத்துத் தேற்றினேன்; சூட்டு முள்ளுக்கு ஜங்லிகாட் போனேன். மீன்பிடிப் படகுகள் கட்டும் துறை அது. ஒரு படகை உடைத்து அதன் எஞ்சினை விற்றுக்கொண்டிருந்தார்கள். அதன் சூட்டு மீட்டரையும், எஞ்சினில் திருகும் அதன் முனையையும் சேர்த்து வாங்கினேன். வெயிலில் எண்கள் வெளுத்துப் போயிருந்தன. கண்ணாடிமேல் யாரோ நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள், அது முள் பாதித் தூரம் தாண்டியதும் தொடங்கியது. பழைய முகத்தைச் சுரண்டிவிட்டு வெள்ளைத் தாளில் புது முகம் வரைந்தேன். சிவப்பு எங்கே தொடங்கியதோ அதே இடத்தில் நானும் சிவப்பைத் தொடங்கினேன். அது எந்த எஞ்சினுடைய சிவப்பு என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே.

ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது முள் பச்சையிலேயே நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? எங்கள் பட்டறைகளில், எஞ்சினுக்குள் தண்ணீரைத் தடுத்துச் சூடேற்றும் வால்வை முதல் வேலையாகக் கழற்றி எறிந்துவிடுவோம், வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்று. காலி வண்டி, மழை நாள், ஏர்போர்ட் வரை போய்த் திரும்பினால் எஞ்சின் வெதுவெதுப்பாகக் கூட ஆகாது. துரைப்பாண்டிக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. மாரிமுத்துவிடம் சொன்னார்: "இனிமே காலாவது கையாவது. முள்ளு சிவப்புக்குப் போச்சா, நிறுத்து. எஞ்சின் சீஸாகி இறுகிப்போச்சு, நீ வீட்டுக்குப் போயிரணும்."

முதல் நடைக்கு என்னையும் கூட அனுப்பினார். சிமெண்ட் மூட்டை, மேலே தகரம். கான்வாயில் நாங்கள் நடுவில் இருந்தோம். மாரிமுத்து இப்போது நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டீசல் முள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது; அதைப் பார்க்க ஒவ்வொரு முறை குனியும்போதும் என் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்றத்தில் முள் எழுந்தது. எழுந்து, சிவப்பில் போய் நின்றது.

"கச்சால். உன் முள்ளு செவப்புல நிக்குது."

மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தேன்.

"காலு ஒண்ணும் சொல்லல. எஞ்சின் நல்லாத்தான் கீது. முள்ளு வேற சொல்லுது. எதுடா நெசம்? செஞ்சவன் நீதானே, சொல்லு."

கேலியாகக் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் அவர் என்னை உண்மையாகக் கேட்ட ஒரே கேள்வி அது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் பாதத்தை விட என் முள் பெரிது என்று நிரூபிக்க இதைவிட நல்ல சமயம் வராது என்று நினைத்தேன்.

"முள்ளுதான் நெசம். நிறுத்துங்க."

நிறுத்தினார். பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் டூரிஸ்ட் வண்டிகள், எல்லாம் ஹாரன். கடைசியிலிருந்து போலீஸ் ஜீப் ஓரமாக ஏறி வந்தது. "காடி க்யோன் ரோக்கா? பாகல் ஹே க்யா?" ஏன் நிறுத்தினாய், பைத்தியமா என்று ஜீப்பிலிருந்து சத்தம். மாரிமுத்து அதற்குள் பானட்டைத் தூக்கி, துணி சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். சீறும் என்று நான் விலகி நின்றேன். சீறவில்லை. ஆவி கூட இல்லை. உள்ளே தண்ணீர் அசையாமல் நிறைந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூடியைப் போட்டு, வண்டியை எடுத்தார்.

காட்டைத் தாண்டியதும் ஓரங்கட்டச் சொல்லி நம்பரை எழுதிக்கொண்டார்கள். மேலே போகவிடவில்லை. மதியக் கான்வாயில் சுமையோடு திரும்பினோம். வழி முழுதும் அவர் டீசல் முள்ளைப் பார்க்கக் கூடக் குனியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் பட்டறையில் துரைப்பாண்டி வாசலிலேயே நின்றார். அதற்குள் யாரோ போன் செய்திருந்தார்கள். "கொதிக்காத வண்டிய காட்டுக்குள்ள நிறுத்தினவன் எவன்டா?"

"நான்தான் நிறுத்தினேன்" என்றார் மாரிமுத்து. என் பெயரையும் எடுக்கவில்லை, முள்ளின் பெயரையும் எடுக்கவில்லை.

"கண்ணு தெரியலயா உனக்கு? பயமா? பயந்தவனுக்கு எதுக்குடா வண்டி? சாவிய வச்சுட்டுப் போ."

மாரிமுத்து சாவியைப் பெஞ்சின்மேல் வைத்தார். அதுவரை நான் வாய் திறக்கவில்லை என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். அவர் போய்விட்டால் எனக்கு நல்லது என்று ஒரு கணம் கணக்குப் போட்டேன். இன்னொரு கணமும் போட்டேன். அவர் குனிந்து தன் செருப்பை மாட்டிக்கொண்டார். அதுதான் என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். அவர் கால் சரியாத்தான் சொல்லுச்சு. மீட்டர் தப்பு" என்றேன்.

துரைப்பாண்டி என்னைக் கூடப் பார்க்கவில்லை. "மாரி, சாவிய எடுத்துக்க. டேய், நீ வெளிய போடா." அவ்வளவுதான். அவருக்கு அது அரை நிமிட வேலை.

மாரிமுத்து நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். இருபத்திரண்டு வயது. அவர் என் சட்டையைப் பிடித்தார்.

"உன்ன யாருடா வாயத் தொறக்கச் சொன்னது? பயந்து நிறுத்திட்டான்னு சொல்லிட்டுப் போயிருப்பானுங்க. பயப்படாத டிரைவர் எவன்? இப்ப இன்னா சொல்லுவானுங்க தெரியுமா? மாரி தன் கால நம்பல, ஒரு கச்சால் பையன் பேச்சக் கேட்டு நின்னான்னு சொல்லுவானுங்க. சாகுற வரைக்கும் சொல்லுவானுங்கடா."

நான்கு திருகாணியையும் அவரே கழற்றினார். ஒயரை அறுத்து, பலகையை என் நெஞ்சில் எறிந்தார். "கொண்டுபோய் உன் கடல்ல போடு."

பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜங்லிகாட் வரை நடந்தேன். வலைக் கொட்டகையில் படுத்தேன்.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது டூரிஸ்ட் கார்கள் நிற்கின்றன. துரைப்பாண்டி எல்லாவற்றையும் விற்றுவிட்டு மெயின்லேண்ட் போய்விட்டார். மாரிமுத்து இருக்கிறாரா என்று தெரியாது. செருப்பில்லாமல் பிக்கப் ஓட்டும் யாரையும் இந்தச் சாலையில் பார்த்துப் பல வருடமாகிறது. வடக்கே உத்தரா ஜெட்டியில் வண்டிகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்த இடத்தில் பாலம் வந்துவிட்டது. படாக் பலகை பிறகு ஒரு படகில் டீ கிளாஸ் வைக்கும் தட்டாக இருந்தது. ஆடுகிற படகில் நான்கு துளையிலும் நான்கு கிளாஸ் கச்சிதமாக நிற்கும், ஒரு சொட்டு சிந்தாது. அந்தப் படகும் ஒரு புயலில் போனது.

அந்தப் படகின் சொந்தக்காரரைத்தான், வலைக் கொட்டகையில் படுத்ததற்கு மறுநாள் காலையில் பார்த்தேன். எனக்கு மீட்டரை விற்றவர் அவரே. பழைய படகை உடைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை இறக்கியிருந்தார். என் அக்குளில் இருந்த பலகையைப் பிடுங்கி, மீட்டருக்கு நான் வரைந்த முகத்தைப் பார்த்து, காறித் துப்பினார்.

"கடல் தண்ணி குடிக்கிற எஞ்சின்டா அது. கொஞ்சம் சூடேறினாலே உள்ளுக்குள்ள உப்புக் கட்டிக்கும். அதுக்கு நான் போட்ட கோடு. அதக் கொண்டுபோய் நல்ல தண்ணி குடிக்கிற வண்டிக்கு வச்சியா? மூளை இருக்கா?"

இல்லை என்றேன். "வேலை இருக்கா?" என்றும் கேட்டேன்.

அவர் படகின் பக்கவாட்டைக் காட்டினார். எஞ்சினைச் சுற்றி வந்த தண்ணீர் அங்கே ஒரு குழாய் வழியாகக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. புதுப் படகில் மீட்டரே இல்லை.

"ஏறி அங்க உக்காரு. கைய அந்தத் தண்ணியில வை" என்றார். "சுட்டா கத்து. அதுதான் வேலை."