பெக்கோவுக்கு முன்னால் ஒரு பிளேன்டீ

மட்டக்களப்பு வாவிக்கரையில் எனக்கொரு சின்னச் சாப்பாட்டுக் கடை. வாவிக்கு ஒதுக்கிய நிலத்தில் அது இருக்கிறதென்று பிரதேச சபை உடைக்க வந்த காலையை நான் இன்னும் மறக்கவில்லை.

மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் என் கூரைக்கு நேரே கையை உயர்த்தி உறுமிக்கொண்டு நின்றது. அந்நேரம் சபையின் சட்டப் பிரிவு மிஸ் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். உடைக்கச் சொல்லத்தான் வருகிறார் என்று அடுப்படியில் விறைத்துப்போய் நின்றேன்.

அவரோ உள்ளே வந்து மர வாங்கில் அமர்ந்தார். "ஒரு பிளேன்டீ தாங்கக்கா."

வெளியே நின்ற சபை மேற்பார்வையாளர் கத்தினார். "மிஸ், வெளிய வாங்க! தவிசாளர்ர ஓடர்!"

"இவவ விசாரிக்காம உடைக்க ஏலாது. உடைச்சா சபைதான் கோட்டுல நிக்கும். அதச் சொல்லத்தானே என்னை வச்சிருக்கிறீங்க?"

மிஸ் அசையவில்லை. கடைசியில் பெக்கோ பின்னால் நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கோப்பையைத் தூக்கினார். தேநீர் சேலையில் சிந்தியது.

"பயந்திட்டீங்களா மிஸ்?"

"ஓமக்கா. நாளைக்கும் அதே கந்தோருக்குத்தானே நான் போகணும்."

விசாரணை இன்னும் முடியவில்லை. கடை தப்புமோ தெரியாது. சபை வாசலை மிதிக்கும்போது இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் அந்தப் படபடப்பில் பாதி அந்த மிஸ்ஸுக்காக.