கையளவு லாரிக்கு ஒரு என்ஜின்

மகளின் பிரசவத்துக்காக மனைவி சிட்னிக்குப் போன பிறகுதான் அந்த லாரிப் பெட்டியைப் பிரித்தேன். நான் ஓய்வு பெற்றபோது மகள் வாங்கி அனுப்பியது. துண்டு துண்டாக இருக்கும் பிளாஸ்டிக்கை ஒட்டி, பெயின்ட் அடித்து, முழு லாரியாக்க வேண்டும். தென்காசி வீட்டில் எனக்கு ஒருவேளைச் சமையல் போதும். மிச்சப் பொழுதை லாரி எடுத்துக்கொண்டது.

சக்கரமெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. என்ஜின்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கேபினை முன்பக்கம் சாய்த்தால், உள்ளே சோப்புக்கட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக். வயர் இல்லை, குழாய் இல்லை. பழைய சார்ஜர் கேபிளை உரித்து, டீசல் குழாய்க்குச் செம்புக்கம்பி எடுத்தேன். ரேடியேட்டர் ஹோஸுக்கு ஈயக்கம்பி, நினைத்தபடி வளையும். ஆனால் எது எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியவில்லை. போனில் கிடைத்த படங்களெல்லாம் வெளிநாட்டு வண்டிகள்.

குற்றாலத்தில் சீசன். சாரல் ஈரத்தில் என்ஜினுக்கு அடித்த கறுப்பு காயாமல் விரலில் ஒட்டியது. அப்படியே வைத்துவிட்டு, காலையில் செங்கோட்டை ரோட்டில் நடக்கப் போனேன். கேரளாவுக்கு ஜல்லி ஏற்றிப்போகும் லாரி ஒன்று கேபினைச் சாய்த்துப் போட்டு ஓரமாக நின்றது. டிரைவர் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார். நான் குனிந்து படம் எடுப்பதைப் பார்த்து, ஆர்.டி.ஓ. ஆபீஸா என்று கேட்டார். சின்ன லாரி செய்கிறேன் என்றேன். பேரப்பிள்ளைக்கா என்றார். எனக்குத்தான் என்றதும் அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ஒவ்வொரு குழாயாகத் தொட்டுக் காட்டினார். ஒரு ஹோஸில் பச்சைச் சேலைத்துணி சுற்றிக் கட்டியிருந்தது. வீட்டுக்காரி கட்டிவிட்டது, அவளைப் பார்த்து மாசத்துக்கு மேலாகிறது என்றார். மெக்கானிக் வந்ததும் நான் கிளம்பினேன். டிரைவர் கூப்பிட்டுச் சொன்னார்.

“இந்த வழியாத்தான் வருவேன். முடிச்சதும் காட்டுங்க, அண்ணாச்சி.”

போன் நம்பர் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

கறுப்பு காய்ந்ததும் குழாய்களை ஒட்டினேன். ஆயில் கசிவுக்குப் பழுப்பு நிறத்தைத் தின்னரில் கரைத்து வழியவிட்டேன். மனைவியின் பழைய ரவிக்கையில் பச்சை நூல் உருவி ஹோஸில் சுற்றினேன். அவளுக்குப் படம் அனுப்பினேன். சாப்பிட்டாச்சா என்று பதில் வந்தது.

அதன்பிறகு காலையில் லாரியைச் செருப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அந்த ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். எத்தனையோ லாரிகள் போயின. சில நாள் மழையில் பெட்டி நனைந்தது. நாளையோடு போதும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்வேன். கடைசியில் ஒருநாள் அவரே என்னைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார்.

பெஞ்சில் வைத்துக் கேபினைச் சாய்த்தேன். வெகுநேரம் பார்த்தார். பச்சை முடிச்சை நகத்தால் தொட்டார். பிறகு கேபினை மெதுவாக இறக்கி, ஜன்னல் வழியே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

“உள்ள ஆள் இல்லையே, அண்ணாச்சி.”

லாரிப் பெட்டியில் ஆள் வரவில்லை என்றேன்.

“ஆளில்லாம இருந்தா ஒர்க்‌ஷாப்ல கெடக்க வண்டி மாதிரில்லா இருக்கு.”

டீயைக் குடித்துவிட்டுப் போனார். வண்டி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் மனைவி கூப்பிட்டாள். டிரைவர் வந்துவிட்டார் என்றேன். எந்த டிரைவர் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பிப்பதற்குள் அங்கே, பிறந்து சில நாளே ஆன பேத்தி அழுதாள். நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

குழாய் ஒழுகலை அடைக்கிற பசை வீட்டில் கொஞ்சம் இருந்தது. அதைப் பிசைந்து, முதலில் டிரைவரின் தோளைச் செய்தேன்.