உலு திராம் பக்கம் யாரும் வர வேண்டாம்

சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டினால் வரும் மலாய் நாட்டு ஊரான உலு திராமில் யாராவது விமான டிக்கெட் வாங்கினால், அந்தச் செய்தி ஐயாசாமியின் காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். போனால் பயணம் அம்போதான். மனிதர் கெட்டவர் இல்லை. தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கோயில் திருவிழாவில் முதல் ஆளாய் வந்து பந்தல் கட்டுகிறவர், அடுத்தவர் வீட்டுச் சாவுக்குத் தன் வீட்டுச் சாவு போல ஓடுகிறவர். ஆனால் மகள் ஷர்மினி அவருக்கு ஒரு நல்ல கைப்பேசி வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து, உலகத்தின் பாதுகாப்பு முழுவதையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். எந்த நாட்டில் குண்டு வெடித்தாலும் அந்த நாட்டுப் பிரதமருக்கு அடுத்தபடி கவலைப்படுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

பாங்காக்கில் ஒரு கோயில் வாசலில் குண்டு வெடித்த வருடம், அவர் மனைவி செல்லம் கோயில் குழுவோடு தாய்லாந்து போவதற்காகப் பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தாள். கட்டிய பெட்டி கட்டியபடியே அலமாரிக்கு மேல் ஏறியது. பாலித் தீவா, வேண்டாம். பாரிசா, பேச்சே எடுக்காதே. காஷ்மீருக்குப் போகும் எண்ணம் அந்தத் தாமான் குடியிருப்பில் ஒரு குஞ்சு குளுவானுக்குக்கூட இருந்ததில்லை. ஆனாலும் போகக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தார். கோயில் யாத்திரைகளை ஏற்பாடு செய்யும் வீரமுத்து, ஐயாசாமி எதிரே வருவதைக் கண்டால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு சந்தில் போய்விடுவார். பாதிப் பேர் பயணத்தை ரத்து செய்துவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் பாவம் அவரும்தான் என்ன செய்வார்?

இத்தனைக்கும் இதே ஐயாசாமி, எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிக்கொண்டு பேய் மாதிரி வரும் லாரிகளுக்கு நடுவே, கோத்தா திங்கி ரோட்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். காலையில் ரொட்டி சானாய் வாங்கப் போகும்போது ஹெல்மெட் வாரை மாட்ட மாட்டார்.

"அந்த ரோட்டுல செத்தவங்களக் கணக்கெடுத்தா ஒரு கம்பத்து சனமே காலியாயிருக்கும். அதுக்கு நீங்க பயப்படல. எங்கயோ பிரான்ஸ்ல வெடிச்சதுக்கு என்னை இங்க பக்கத்துல இருக்கற மெர்சிங்குக்குக்கூட விட மாட்டேங்கிறீங்க" என்பாள் செல்லம்.

"ரோடு வேற, தீவிரவாதம் வேற" என்பார் அவர். எப்படி வேறு என்று கேட்டால் கைப்பேசியை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டுவார். செல்லம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இப்படி ஊரார் பயணங்களைக் கெடுத்துக்கொண்டிருந்தவரை, கடைசியில் விதி அவர் வீட்டு வாசலிலேயே வந்து பிடித்தது. தினமும் பஸ்ஸில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் ஷர்மினிக்கு அங்கே கூட வேலை செய்யும் யுகேந்திரனைப் பிடித்துப் போயிற்று. பையன் தங்கமான பையன். குறை ஒன்றே ஒன்றுதான்: அவன் சொந்த ஊர் கொழும்பு. அப்பா தியாகராஜனும் அம்மா லக்ஷ்மியும் அங்கேதான் இருந்தார்கள்.

"மாப்பிள்ளை வீடு பார்க்க வாங்கோ" என்று அவர்கள் முறையாகக் கூப்பிட்டார்கள். ஐயாசாமி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் வெடித்த குண்டுகளையெல்லாம் வரிசையாக நினைவுபடுத்திவிட்டு, "குண்டு வெடிச்ச ஊருக்கு நான் வரல சம்பந்தி. தப்பா எடுத்துக்காதீங்க, கைப்பேசியிலேயே வீட்டச் சுத்திக் காட்டிருங்க" என்றார். அது நடந்து வருஷக்கணக்காகிவிட்டது என்று செல்லம் தலையில் அடித்துக்கொண்டாள். தியாகராஜன் ஒரு நொடி பேசாமல் இருந்தார். பிறகு கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறை, சாமியறை, மாடி, துணி காயப்போடும் இடம் என்று ஒன்று விடாமல் காட்டினார். தங்கமான மனிதர்கள் என்று ஐயாசாமி அன்று எல்லாரிடமும் சொன்னார். அந்த ஒரு நொடி மௌனம் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார்தான் தட்டோடு பெண் வீட்டுக்கு வர வேண்டும். எனவே அவர்கள் உலு திராமுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. டிக்கெட் எடுத்தார்கள், புடவை எடுத்தார்கள், இரண்டு குடும்பமும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் பரிசக் குழு ஒன்றும் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன்னால், உலு திராம் போலீஸ் நிலையத்துக்குள் ஒருவன் புகுந்து தாக்கியதில் இரண்டு இளம் போலீஸ்காரர்கள் இறந்துபோனார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை அது. கோழிக்கடையில்கூட அன்றைக்கு யாரும் சத்தமாய்ப் பேசவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று சொல்லிச் சொல்லிச் செல்லம் அழுதாள்.

ஐயாசாமிக்கும் பயம்தான். ஆனால் பழகிய கை ஆயிற்றே, தானாகவே கைப்பேசியை எடுத்தது. உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் செய்வதைத்தான் இப்போதும் செய்தார்.

"ஐயாசாமி பேசுறேன். உலு திராம்ல தாக்குதல் நடந்துருச்சு. இந்தப் பக்கம் யாரும் வர வேண்டாம். வர்றதா இருந்தவங்க உடனே கேன்சல் பண்ணிருங்க. காசு போனா சம்பாதிச்சுக்கலாம், உசுரு போனா வராது. நெலம எப்ப சரியாகும்னு யாராலயும் சொல்ல முடியாது."

இந்தக் குரல் செய்தியைக் கோயில் குழு, பழைய பஸ் டிரைவர்கள் குழு, தாமான் குழு என்று தன் கைப்பேசியில் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார். பரிசக் குழுவுக்கும் சேர்த்துத்தான். அனுப்பிவிட்டு, கடமை முடிந்த நிம்மதியில் ஒரு தே தாரிக் டீ குடித்தார்.

மாலையில் வேலை முடிந்து வந்த ஷர்மினி காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, நம்ம வீடு எந்த ஊருல இருக்கு?"

"என்னம்மா கேள்வி இது? உலு திராம்லதான்."

"அங்க வர வேணாம்னு மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"அலமாக்!" என்று ஐயாசாமி நெற்றியில் கை வைத்தார். செய்தியை அழிக்கப் பார்த்தார். குழுவில் எல்லாருமே கேட்டு முடித்திருந்தார்கள். யுகேந்திரனின் சித்தி மட்டும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தாள்.

சிறிது நேரத்தில் தியாகராஜனே அழைத்தார்.

"வணக்கம். உங்கட செய்தியக் கேட்டம். ஊர்க்காரர் நீங்களே வர வேண்டாம் எண்டு சொன்னா, அதுக்கு மேல கதைக்க என்ன இருக்கு? டிக்கெட்ட ரத்து செய்துபோட்டம்."

"ஐயோ சம்பந்தி, அது வழக்கமா எல்லாருக்கும் போடறது லா! இங்க ஒன்னும் பயமில்ல. கடையெல்லாம் தொறந்திருக்கு. புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுது."

"எங்கட கொழும்பிலயும் கடையெல்லாம் திறந்துதான் இருக்குது. பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள். நீங்கள் வரேல்லையே?"

"அது வேற சம்பந்தி..."

"எப்படி வேற?"

ஐயாசாமி கைப்பேசியில் காட்ட ஒரு வீடியோ தேடினார். இந்தக் கேள்விக்குப் பதிலாக உலகத்தில் எவனும் வீடியோ எடுத்து வைத்திருக்கவில்லை. "எல்லாம் அமைதியானாப் பிறகு பார்ப்பம்" என்று மரியாதையாகச் சொல்லித் தியாகராஜன் வைத்துவிட்டார்.

ஷர்மினி கத்தவில்லை. கத்தியிருந்தால் ஐயாசாமிக்குப் பாரம் குறைந்திருக்கும். "அவங்கப்பா ரோசக்காரரு. இனிமே வர மாட்டாரு. எங்கயாச்சும் போயி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்க எனக்கு இஷ்டம் இல்ல. ரெண்டு வீடும் சேந்து நிக்காத கல்யாணம் எனக்கு வேணாம்பா" என்றாள். மறுநாளிலிருந்து, தினமும் அவரோடு மோட்டார் சைக்கிளில் பஸ் நிறுத்தத்துக்குப் போகிற பெண், இருட்டோடு எழுந்து தானே நடந்து போனாள். ஐயாசாமி வாசல் கேட் அருகே சாவியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது.

சும்மா இருப்பாரா? ஊரின் அமைதியைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் போதும் என்று முடிவு செய்தார். பெரிய ரோட்டோரம் போய் நின்று கைப்பேசியை நீட்டி, "பாருங்க சம்பந்தி, எவ்வளவு அமைதியா இருக்கு! இது மளிகைக் கடை, இது டுரியான் கடை, அதோ அந்தப் பக்கம்..." என்று திரும்பினார். அந்தப் பக்கம் போலீஸ் தடுப்புப் போட்டு ஒவ்வொரு காராக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயாசாமி சட்டென்று கைப்பேசியை இறக்கினார். தடுப்பைப் படம் எடுத்துவிட்டு அவசரமாக மறைக்கிறவனை எந்தப் போலீஸ்காரர் சும்மா விடுவார்? ஐயாசாமியே இப்படி ஒருவனைப் பார்த்திருந்தால் நாற்பது குழுக்களுக்கு எச்சரிக்கை அனுப்பியிருப்பார்.

"பாக்சிக், பெரியவரே, எதற்குப் படம் எடுக்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்டபடி ஓர் இளம் போலீஸ்காரர் வந்தார். ஐயாசாமிக்கு வியர்த்து ஊற்றியது. மகள், மாப்பிள்ளை, பரிசம், கொழும்பு, குரல் செய்தி என்று எல்லாவற்றையும் கலந்துகட்டி மலாயில் கொட்டித் தீர்த்தார். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டான். தூங்காத கண்கள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு, தடுப்பு தெரிகிற படத்தை மட்டும் அழிக்கச் சொன்னான்.

போக எடுத்த கால் போகவில்லை. "உனக்குப் பயமா இல்லையா, தம்பி?" என்று ஐயாசாமி கேட்டுவிட்டார்.

"பயம்தான் பாக்சிக். அம்மா ஒவ்வொரு வேளையும் போன் பண்ணுகிறார்கள். ஆனால் நான் வராவிட்டால், எனக்கு முந்தின டியூட்டியில் நிற்கிறவன் வீட்டுக்குப் போக முடியாதே" என்றான் அவன். சொல்லிவிட்டு அடுத்த காரை நிறுத்தப் போய்விட்டான்.

ஐயாசாமி நேராக வீட்டுக்கு வந்தார். "செல்லம், பெட்டிய எறக்கு."

"எந்த ஊருக்கு?"

"கொழும்புக்கு. அவங்க வர வேணாம். நம்ம போவோம்."

செல்லம் வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெட்டிக்குள் பாங்காக்குக்குக் கட்டி வைத்த ரவிக்கைகள் அப்படியே இருந்தன. ஒன்றும் இப்போது கை நுழையவில்லை. அதற்கும் சேர்த்து ஐயாசாமி திட்டு வாங்கினார்.

விமானத்தில் அவர் பட்ட பாட்டைச் சொன்னால் தனிக் கதையாகும். முன்னால் தாடிக்காரர், பின்னால் பெரிய பையோடு ஒருத்தர், பக்கத்தில் ஒரு கிழவி எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஐயாசாமி எல்லாரையும் கண்காணித்தார். கடைசியில் பார்த்தால், விமானப் பணிப்பெண் கண்காணித்தது இவரைத்தான். வியர்த்துக் கொட்ட, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் விடாமல் முறைத்துப் பார்த்த ஒரே ஆள் அந்த விமானத்தில் அவர்தானே? "இவருக்குப் பயணம் புதுசும்மா" என்று செல்லம் தமிழிலேயே சொல்லிச் சமாளித்தாள்.

கொழும்பு வெள்ளவத்தையில் தியாகராஜன் வீட்டில் ஒருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. லக்ஷ்மி இடியாப்பமும் சொதியுமாகத் தட்டை நிரப்பினாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்த ஷர்மினியும் யுகேந்திரனும் மாடிக்குப் போய்விட்டார்கள். ஐயாசாமி கைப்பேசியில் பார்த்த வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் வீடு சின்னதாய்த் தெரிந்திருந்தது.

"மன்னிச்சிருங்க சம்பந்தி. நீங்க கூப்புட்டப்பயே வந்திருக்கணும். எனக்குப் பயம். அதத் தவிர வேற ஒன்னுமில்ல" என்றார்.

"பயப்படுறதப் பற்றி எனக்குக் கோபமில்ல" என்றார் தியாகராஜன். "சண்டைக் காலத்தில நானும் லக்ஷ்மியும் ஒரே பஸ்ஸில வேலைக்குப் போனதில்ல. ஒரு பஸ்ஸில வெடிச்சாலும் மற்ற ஆள் மிஞ்சோணும், பிள்ளையப் பார்க்க. அவ முன்னுக்குப் போவா, நான் அடுத்த பஸ். ஆனா போகாம இருந்ததில்ல. நீங்கள் எங்கட ஊரைக் குண்டு வெடிச்ச ஊர் எண்டியள். நாங்கள் இஞ்ச பிள்ளை வளர்த்தனாங்கள். அதுதான் சுட்டது."

ஐயாசாமி தட்டைத் தள்ளி வைத்தார். தன் வாயால் தன் ஊரையும் அப்படித்தானே சொன்னோம் என்று நினைத்தார். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. செல்லம் தலையைக் குனிந்துகொண்டு இடியாப்பத்தைப் பிசைந்தாள்.

லக்ஷ்மிதான் பேச்சைத் தொடர்ந்தாள். "பரிசத்த இஞ்சயே போடுவம். கலியாணம் உங்கட ஊரில. உங்களயே கேக்கிறன் அண்ணை, உண்மையச் சொல்லுங்கோ. உலு திராமுக்கு நாங்கள் பயமில்லாம வரலாமோ?"

இந்தக் கேள்விக்குத்தான் ஐயாசாமி ஒரு ஆயுசுக்குப் பதில் தயாராக வைத்திருந்தவர். இப்போது அந்தப் பதில் உதவாது. ஒன்றும் நடக்காது என்று சொல்லலாம். மகள் கல்யாணமாயிற்றே, சத்தியமே செய்யலாம். ஆனால் ரோட்டில் நின்ற அந்தப் பையனின் கண்களை நினைத்துக்கொண்டு அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியாதும்மா" என்றார். "நாளைக்கு எந்த ஊருல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. எனக்கு இன்னமும் பயமாத்தான் இருக்கு. ஆனா வாங்க. ஏர்போட்ல நான் வந்து நிப்பேன்."

தியாகராஜன் அந்தத் தட்டைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்டும் நடக்காது எண்டு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டன்" என்றார் மெல்ல. பிறகு மனைவியைப் பார்த்து, "லக்ஷ்மி, இந்த முறை நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாயே போவம்" என்றார்.