மேலடுக்கில் பதினொரு கூடுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நல்லம்பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். எங்கள் பக்கத்துப் பாறைகளில் கடலின் சுவடே கிடையாது. நான் ஆராய்ந்த மண் அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஆழ்துளை போடும் குழுவில் இருந்த என் மைத்துனன், எடுத்த ஆழத்தை எழுதித் துணிப்பைகளில் அனுப்புவான். அந்த மண்ணை அலசினால், பழங்கடலில் வாழ்ந்த ஒற்றைச் செல் உயிர்களின் கூடுகள் கிடைக்கும். மணல் துகளைவிடச் சிறியவை. எந்த இனத்தின் கூடு இருக்கிறது என்பதை வைத்து அடுக்கின் காலத்தைச் சொல்லலாம்.

விளிம்பில் இரட்டை வரம்பு ஓடும் ஓர் இனம் உண்டு. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தோடு அது அழிந்துபோனது. கீழடுக்கு மண்ணில் அது ஏராளமாக இருந்தது. மேலடுக்கு மண்ணிலும் பதினொன்று கிடைத்தன. இரண்டு அடுக்கும் ஒரே காலம் என்று கட்டுரை எழுதினேன். சேலத்துக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் அதைத் தங்கள் ஆண்டுமலருக்கு வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே அடுத்த பையை அலச உட்கார்ந்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நேத்து அலசுன தண்ணியத்தான இதுலயும் ஊத்தறீங்க?"

"தெளிஞ்சிருக்குதே."

"தெளிஞ்சா ஆச்சா? கீரை அலசுன தண்ணிய எனக்குக் குடிக்கக் குடுப்பீங்களாட்டம் இருக்குது."

கோடையில் எங்கள் ஊரில் யாரும் தண்ணீரைக் கொட்டுவதில்லை. தெளியவைத்து மறுபடி புழங்குவோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன், யோசிக்காமலே.

குறிப்பேட்டைப் புரட்டினேன். திங்கள்: கீழடுக்கு. செவ்வாய்: மேலடுக்கு. நடுவில் வாளித் தண்ணீர் மாறவில்லை. அந்தக் கூடுகள் உள்ளீடற்றவை. காற்று புகுந்தால் மிதக்கும். மண் அடியில் படிந்து நீர் தெளிந்தாலும் அவை மேலேயே கிடந்திருக்கலாம்.

மேலடுக்குப் பையில் ஒரு கைப்பிடி மண்தான் மிச்சம். ஒரே ஒருமுறை அலசலாம்.

"குடிக்கிற தண்ணில ஒரு குடம் வேணும்."

"எடுத்துக்கோங்க. சாயங்காலம் கெணத்துக்கு நீங்கதான் போவணும், வாத்தியாரே."

அதில் மண்ணை அலசி, புதுத் துணியில் வடிகட்டி வெயிலில் உலர்த்தினேன். பள்ளி நுண்ணோக்கியின் கீழ், ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு துகளாகப் புரட்டினேன். பிற்காலத்தைச் சேர்ந்த, குமிழ் குமிழான வேறு கூடுகள் வந்தன. இரட்டை வரம்பு ஒன்றுகூட இல்லை. இன்னும் தட்டில் பாதி இருந்தது. அதையும் முடித்தேன். இல்லை.

கடிதம் போட்டால் தாமதமாகிவிடும். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேலத்துக்குப் பேருந்து ஏறினேன். விரிவுரையாளர் அச்சகத்தில் இருந்தார்.

"என்ன சார் இப்ப வந்து சொல்றீங்க? எழுத்துக் கோத்தாச்சுங்க."

"பிரிச்சுடச் சொல்லுங்க."

"பதினொன்னுதானே சார், யாருக்குத் தெரியப்போவுது? ஒங்க பேரு போட்டு வர்ற மொத கட்டுரைங்க."

"அதனாலதாங்க பிரிக்கச் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே அச்சுக் கோப்பவரை அழைத்தார். ஈய எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குத் திரும்பும்வரை நான் நகரவில்லை. பிறகு அங்கேயே ஒரு காகிதம் கேட்டு வாங்கி, மேலடுக்கு காலத்தால் பிற்பட்டது என்று முதல் வரியை எழுதினேன்.