அத்தாயி பிடித்த ஆண்டெனா

கொல்லிமலையில் டிஷ் ஆண்டெனா பொருத்த ஆள் வேண்டுமென்றால் செம்மேட்டுக் கடைக்காரர்கள் அத்தாயியின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். நாற்பது வயது. புடவை மேல் கணவனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஸ்பேனரோடு ஓட்டுக் கூரையில் ஏறினால் அரை மணி நேரத்தில் படம் வந்துவிடும். "டிஷ்ஷத் திருப்பாதீங்க, கேபிள்லதான் கோளாறு" என்று கீழே நின்றபடியே சொல்லிவிட்டு, அப்புறம் ஏறி அதை நிரூபித்துக் காட்டுவதும் உண்டு.

ஒருமுறை சேந்தமங்கலம் பக்கத்தில் தேவராஜ் என்ற விவசாயி வீட்டுக்கு டிஷ் மாட்டப் போனாள். மாடியில் ஏற்கனவே வேறொரு ஆண்டெனா நின்றது. நீளமும் குட்டையுமாகக் கம்பிகள்.

"இது எந்த கம்பெனி டிஷ்ஷுங்க?"

"டிவிக்கு இல்லீங்க அக்கா. ஹாம் ரேடியோ. மேல போற சேட்டிலைட் வழியாப் பேசறது."

"யாரு கூடங்க?"

"அந்தப் பக்கம் யாரு பேசறாங்களோ அவங்க கூட."

அந்த பதில் அவளை விடவில்லை. பதினைந்து வருடமாக வானத்திலிருந்து வருவதை வாங்கி வீடுகளுக்குள் இறக்கியிருக்கிறாள். இங்கிருந்து ஒரு சொல்லை மேலே அனுப்பலாம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. புத்தகம் வாங்கிப் படித்தாள். ஹாம் ரேடியோவில் பேச அரசு வைக்கும் தேர்வில் முதல் முறை தவறி, அடுத்த முறை தேறி, உரிமம் வாங்கினாள். கையடக்க ரேடியோ ஒன்றைத் தவணையில் எடுத்தாள். ஆண்டெனாவைக் காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை.

"ஊருக்கெல்லாம் மாட்டறவ, எனக்கு ஒண்ணு செஞ்சுக்க மாட்டனா?"

ஒன்றரை மீட்டர் பி.வி.சி. பைப்பில் அலுமினியக் கம்பிகளைக் குறுக்கே கோத்தாள். அனுப்புவதற்கு நீளக் கம்பிகள், வாங்குவதற்குக் குட்டைக் கம்பிகள். கையில் தூக்கிப் பிடித்து, வானத்தில் நகரும் செயற்கைக்கோளோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். பாரம் முன்னும் பின்னும் சமமாக இருக்கட்டும் என்று பைப்பின் நட்ட நடுவில், கம்பிகளுக்கு இடையே, கைப்பிடி வைத்தாள். தூக்கினால் பூப்போல இருந்தது.

செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. முதல் ஞாயிறு, குரல்கள் தெளிவாக ஆரம்பித்து இரண்டாவது நிமிடத்தில் இரைச்சலுக்குள் போய்விட்டன. அவள் பேசியதற்குப் பதில் இல்லை. இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு யாரோ அவளை அழைப்பதுபோல் கேட்டது. அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அதுவும் அறுந்தது.

சேலத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள் சங்கம் ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற பொறியாளர் முருகானந்தம் அதன் தலைவர். அவள் அனுப்பிய ஆண்டெனா போட்டோவைப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"அம்மணி, டிவி கேபிள் போட்டிருக்கீங்க. சிக்னல் பூரா அதுலயே போயிடுது. ரெடிமேடா நல்லதா ஒண்ணு வாங்கிருங்க."

"ஒண்ணரை மீட்டர் கேபிள்ல அவ்வளவு போகாதுங்க. கேபிள் எனக்குத் தெரியும்."

"அப்ப மலை மறைக்குதோ என்னமோ."

"மலை உச்சியில நிக்கறனுங்க. எனக்கு மேல எந்த மலை இருக்குது?"

போனை வைத்தபின் அவளுக்கு முகம் சுட்டது. கேபிள் இல்லை, மலையும் இல்லை, சரி. பின்னே எது? கனெக்டர்களை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டாள். கம்பிகளை மில்லிமீட்டர் கணக்கில் மறுபடி அளந்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. எல்லாம் சரியாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கணவன் ராசு மிளகுக்கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டான். "நீ டிவியில கோளாறுன்னா என்ன பண்ணுவ?"

"ஒவ்வொண்ணா மாத்திப் பாப்பேன்."

"இங்கயும் அதையே பண்ணு. ஓடற சேட்டிலைட்ட வெச்சா எப்படிப் பாப்ப? நிக்கற ஆளு ஒருத்தன் வேணும்."

அந்த ஆள் தேவராஜ். வெள்ளிக்கிழமை காலை, அவர் தன் கிணற்றுமேட்டில் நின்று, ரேடியோவை மிகக் குறைந்த சக்தியில் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். சமவெளி முழுக்கத் தெரியும் மலை விளிம்பில், மரவள்ளிக் காட்டு வேலியருகே நின்று அத்தாயி ஆண்டெனாவை அவர் பக்கம் நீட்டினாள். ரேடியோ திரையில் சிக்னல் அளவு மூன்று கோடுகள்தான்.

கேபிளை மாற்றினாள். மூன்று கோடு. தேவராஜிடம் இரவல் வாங்கி வந்திருந்த இன்னொரு ரேடியோவில் போட்டாள். மூன்று கோடு. தேவராஜ் இருநூறைத் தாண்டிவிட்டார், தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் போன். "படம் வர மாட்டேங்குதுங்க!" அவள் வேலியில் நட்டிருந்த கவட்டைக் கம்பில் ஆண்டெனாவை அதே திசை பார்க்கச் சாத்திவிட்டு, "சாயந்தரம் வாரனுங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

ஏழு கோடுகள்.

கையில் எடுத்தாள். மூன்று. கம்பில் வைத்தாள். ஏழு. இப்போது தொடாமல், உள்ளங்கையை மட்டும் குட்டைக் கம்பிகளின் பக்கமாகக் கொண்டுபோனாள். ஆறு, ஐந்து, நான்கு. கையை எடுத்தாள், ஏறியது. பத்து முறை செய்து பார்த்தாள். பிறகு வேலி ஓரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"என்னக்கா ஆச்சு? இன்னும் எண்ணோணுமா?" என்று ரேடியோவில் கேட்டார் தேவராஜ்.

"போதுங்க! கண்டுபிடிச்சுட்டேன். என் கைதானுங்க சிக்னலத் தின்னுட்டு இருந்துச்சு!"

கம்பிகளுக்கு நடுவே பிடித்ததால் கையும் முழங்கையும் ஆண்டெனாவுக்குள்ளேயே இருந்தன. வருவதையும் போவதையும் அவளுடைய உடம்பே பாதி உறிஞ்சிக்கொண்டது. அன்று மாலையே பைப்போடு இன்னொரு துண்டைச் சேர்த்து, கைப்பிடியைக் கடைசிக் கம்பிக்கும் பின்னால் தள்ளி வைத்தாள். முன்பாரம் மணிக்கட்டை இழுத்தது. பின்முனையில் பழைய டிஷ் கிளாம்ப் ஒன்றை இறுக்கியதும் பாரம் நின்றது. இன்னொரு லாபமும் கிடைத்தது. முன்பு கை நடுவில் இருந்ததால் ஆண்டெனாவைச் சுழற்றினால் கம்பி விலாவில் இடிக்கும். இப்போது மணிக்கட்டைத் திருகினால் போதும், மங்கும் குரலைத் திரும்பப் பிடிக்க முடிந்தது. செயற்கைக்கோள் புரண்டுகொண்டே போவதால் கம்பிகளும் அதற்கேற்பப் புரள வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு மணி. ராசு செல்போனில் திசை பார்த்துச் சொன்னான்.

"தெக்கால... கொஞ்சம் மேல... இன்னும் மேல தூக்கு."

குரல்கள் வந்தன. அவள் அழைத்தாள். சற்றும் தாமதிக்காமல் ஒரு பெண் குரல்.

"நல்லாக் கேக்குது, நல்லாக் கேக்குது! யாழ்ப்பாணத்திலயிருந்து பானுமதி கதைக்கிறன். மூண்டு கிழமையா 'அத்தா, அத்தா' எண்டு பாதிப் பேர்தான் வந்தது பிள்ளை. நான் எத்தினை தரம் கூப்பிட்டனான்! முழுப்பேர் என்ன?"

யாருமே கேட்கவில்லை என்று அத்தாயி நினைத்திருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மூன்று ஞாயிறும் காத்திருந்திருக்கிறாள்.

"அத்தாயிங்க! கொல்லிமலைங்க!" என்று கத்தினாள். கத்தவே தேவையில்லாத அளவுக்குச் சிக்னல் இருந்தது.

பத்து மணிக்கு முருகானந்தம் போன் செய்தார். அவரும் அதே செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மணி, உங்க குரல் கணீர்னு வந்துச்சு. என்ன கேபிள் மாத்துனீங்க?"

"கேபிள் அதேதானுங்க. கைப்பிடிய மாத்துனேன்."

"சேலத்துக்கு வந்து எங்காளுங்களுக்கு அதைக் காட்டுவீங்களா?"

போனாள். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பேசத் தொடங்கும் முன் ஆண்டெனாவை ஒரு மர ஸ்டாண்டில் வைத்து, தெருமுனையில் ஒருவரை இன்னொரு ரேடியோவில் எண்ணச் சொல்லிவிட்டு, தன் ரேடியோ திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பினாள். "ஒவ்வொருத்தரா வந்து கம்பிகளுக்கு நடுவுல பிடிச்சுப் பாருங்க" என்றாள். முதலில் எழுந்து வந்தவர் முருகானந்தம்தான். கோடுகள் இறங்குவதைக் குனிந்து பார்த்தார். கையை எடுத்துவிட்டு இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தார்.

இப்போது வாரம் ஒருமுறையாவது பானுமதியோடு பேச்சு உண்டு. பானுமதியும் தன் ஆண்டெனாவை நடுவில்தான் பிடித்துக்கொண்டிருந்தாளாம். போன வாரம் புதுக் கைப்பிடிக்கு அளவு கேட்டாள். ராசு ஆண்டெனாவைத் தூக்கிப் பிடிக்க, அத்தாயி டேப்பைப் பைப்பின்மேல் விரித்துக்கொண்டு, கடைசிக் கம்பியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அங்கே பானுமதி பென்சிலால் எழுதிக்கொண்டாள். கிளாம்பின் எடையைச் சொல்வதற்குள் செயற்கைக்கோள் அடிவானத்தில் இறங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து அது சுற்றிவிட்டு மறுபடி வந்தபோது, "அரைக் கிலோங்க" என்று அதையும் சொல்லி முடித்துவிட்டு, படம் வராத ஒரு வீட்டுக்கு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.