தேதி போட்ட இலைகள்

குடியிருப்பு முழுவதற்கும் அவள் ‘கொடி அக்கா’. வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவது தொழில். கடையில் மிஞ்சும் பெயிண்டை டப்பாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். கட்டடத்துக்கு வயதாகிவிட்டது, மாடிப்படிச் சுவரில் விரிசல் ஓடாத இடமில்லை. ஒவ்வொரு விரிசலையும் அவள் கொடியாக்கினாள். விரிசல் ஒரு விரற்கடை நீண்டால் நுனியில் ஓர் இலை. எண் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? இலைக்குள் அன்றைய தேதியையும் பொடியாக எழுதிவிடும்.

பதினோரு வருடத்தில் கொடி மூன்றாம் மாடி ஏறிவிட்டது.

ஒருநாள் பராமரிப்பு அலுவலகத்து இன்ஜினியர் வந்தார். சுவரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“வளர்ற விரிசல்னா உடனே பலப்படுத்தணும். பழசுன்னா மேல்பூச்சோட சரி. நீங்க எல்லாத்தையும் பெயிண்ட் அடிச்சு மூடிட்டீங்களே, நான் எதைன்னு எழுதுறது?”

கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். “கேட்டீங்களா அண்ணி? அலங்காரம் பண்றேன்னு மொத்தக் கட்டடத்துக்கும் ஆப்பு வெச்சுட்டீங்க. நாளைக்குக் கூரை விழுந்தா பூவும் பிஞ்சுமா விழும்!”

கொடி அக்கா சட்டென்று தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இன்ஜினியரிடம் நீட்டினாள்.

“சார், இலையைப் படிங்க.”

அவர் குனிந்து படித்தார். இரண்டு படி ஏறிப் படித்தார். கடைசி இலையில் போன செவ்வாய்க்கிழமைத் தேதி. இந்த வருடத்தில் மட்டும் ஒன்பது இலை.

“எங்க ஆபீஸ்லகூட இப்படி ஒரு ரெக்கார்டு கிடையாதும்மா” என்றவர், மூன்று மாடியையும் படமெடுத்துக்கொண்டு போனார்.

மூன்றே மாதத்தில் கம்பி கட்டி, சிமென்ட் பூசி, வெள்ளையடித்துவிட்டார்கள். கொடி போன இடம் தெரியவில்லை.

“மொட்டையா இருக்கு அண்ணி. கண்கொண்டு பார்க்க முடியல” என்றாள் அதே நாத்தனார்.

“விரிசலே இல்லையேடி, எதைப் பிடிச்சு வரையுறது?”

“அதுக்காக மறுபடி இடியணுமா? உங்க இஷ்டத்துக்கு வரைங்க!”

கொடி அக்கா தூரிகையைத் தோய்த்தாள். இடமா, வலமா? இத்தனை நாள் சுவர்தான் வழி சொன்னது. கை கொஞ்சம் தயங்கியது. பிறகு நாத்தனார் வீட்டு வாசல் பக்கமாக வளைந்தது.

“என்ன அண்ணி, இலையில தேதி காணோம்?”

“தேதி விரிசலுக்குத்தான். இது தானா வளருற கொடிடி” என்று சிரித்தாள் அவள்.