மாமனாரை உயிரோடு விட்ட கதை

தெருப் பிள்ளைகள் அவளைக் கப்பலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி அவள் எழுதிய சிறுவர் நாவல் அவ்வளவு பிரபலம். அக்காவோ பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டால் வாந்தி எடுப்பவள். கப்பலோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. காற்றாலைக்குள் ஒரு குடும்பம், கழற்றிப் போட்ட ரயில் பெட்டியில் ஒரு குடும்பம், காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு குடும்பம் என்று ஒன்பது குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டாள். அவளுடைய சொந்தக் குடும்பம் குடை ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இடித்துக்கொண்டு கிடந்தது. பால்கனியில் நின்ற வாஷிங் மெஷினின் மூடிதான் எழுதும் மேசை. மெஷின் துணி பிழியத் தொடங்கினால் கதையிலும் அடித்துப் பிடித்துக்கொண்டு புயல் வந்துவிடும். கையெழுத்தைப் பார்த்தே பதிப்பாளர் கண்டுபிடித்துவிடுவார்.

வீட்டில் அவளைத் தவிர மூன்று பேர். செருப்புக் கடையில் வேலை பார்க்கும் கணவன், இரண்டாவது படிக்கும் மகள், தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற மாமனார். ஓய்வெல்லாம் பேருக்குத்தான். அணைத்த அடுப்பை மறுபடியும் வந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பார். பேத்தியின் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றினால், பக்கத்திலேயே ஈரச் சாக்கோடு நிற்பார்.

சிறுவர் சாகசக் கதையில் ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்களை முதல் அத்தியாயத்திலேயே கழித்துக்கட்டியாக வேண்டும். இல்லையென்றால் கொள்ளைக்காரர்கள் வரும் நேரம் பார்த்து, "போய்ப் பல்லைத் தேய்" என்று சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார்கள். கழித்துக்கட்ட ஒரு பெரியவருக்காகக் கப்பலக்கா ஊரெல்லாம் அலையவில்லை. வீட்டிலேயே ஒருவர் கைவசம் இருந்தார். ஈரச் சாக்கு, கனைப்பு, சந்தேகப் பார்வை எல்லாவற்றோடும் அவரை அப்படியே தூக்கிக் கதைக்குள் வைத்தாள். ஒரு நாவலில் அலை அடித்துப் போனது, இன்னொன்றில் பலூன் தூக்கிப் போனது, ஒன்றில் திமிங்கலம். மாமனாருக்குக் கண்ணில் புரை. ஒரு வரி வாசிக்காமலே, என் மருமகள் எழுத்தாளராக்கும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

பிறகு கண் ஆபரேஷன் நடந்தது. பார்வை பளிச்சென்று வந்தது. மனிதர் ஒன்பதையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நான் உனக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"ஒன்பது புத்தகத்துலயும் செத்திருக்கேன். திமிங்கலம் முழுங்கினதைக்கூட விடு, அது பெரிய மீனு. ஏழாவதுல அடுப்புத் தீ பிடிச்சு செத்திருக்கேன். நான்! அடுப்புத் தீயில! என்கூட வேலை பார்த்தவனுங்க படிச்சா காறித் துப்ப மாட்டானுங்க?"

கணவனுக்குச் சிரிப்பில் புரையேறியது. மகள் ஆறுதல் சொன்னாள். "மூணாவதுல நீங்க சாகல தாத்தா. காணாமத்தான் போனீங்க."

"அதுல என்னை யாராவது தேடினாங்களா?"

தேடவில்லை என்பதுதான் உண்மை.

"கடைசியில நாய்க்குட்டிக்குக்கூட ஒரு வீடு கிடைக்குது. எனக்கு மட்டும் இல்ல. பரவாயில்ல, புரியுது. நான் பெரியவன் வீட்டுக்கே போயிடறேன்." பெரிய மகன் வேறு ஊரில் இருந்தான். அங்கே அவருக்குத் தனி அறை உண்டு, லிஃப்ட் உண்டு. மறுநாளே போய் அடுத்த மாதத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்.

கப்பலக்காவுக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அவள் விடுதியில் வளர்ந்தவள். அங்கே பிள்ளைகள் வருவார்கள், போவார்கள், போகிற பிள்ளையை யாரும் இரு என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வாயில் வரவே வராது. அதனால் எழுத்தாளர்களுக்கே உரிய முட்டாள்தனத்தைச் செய்தாள். புது நாவல் ஒன்றை ஆரம்பித்தாள். ஒரு தீவின் கலங்கரை விளக்கத்தில் வாழப்போகும் குடும்பம். தாத்தா உயிரோடு, ஆடாமல் அசையாமல், கதை முழுக்க.

கதைதான் ஆடாமல் அசையாமல் நின்றது. முதல் அத்தியாயத்தில் படகில் ஏறும்முன் தாத்தா படகைச் சோதித்தார். இரண்டாவதில் ஓட்டை இருக்கிறது என்றார். மூன்றாவதில் அதை அடைத்தார். பதிப்பாளர் போன் செய்தார்.

"பசங்க தீவுக்குப் போயாச்சாம்மா?"

"இன்னும் கரையிலதான் சார். தாத்தா எல்லாருக்கும் மிதவை கட்டி விடறார்."

"போன வாரமே கட்டினாரே?"

"முடிச்சு சரியில்லன்னு அவுத்துட்டார் சார்."

"அந்தக் கிழவனை அலையில தள்ளி விடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"முடியாது சார். ஏற்கனவே ஊருக்குக் கிளம்பறார்."

பதிப்பாளர் ஒன்றும் புரியாமல் போனை வைத்தார்.

ஒருவழியாகத் தீவுக்குப் போய்ச் சேர்ந்து, கலங்கரை விளக்கத்தின் உச்சியில் மாட்டிக்கொண்ட ஒரு குழந்தையைத் தாத்தா கயிறு கட்டிக் காப்பாற்றிவிட்டார். குழந்தை தரைக்கு வந்துவிட்டது. தாத்தா மேலேயே தொங்கினார். அவரை எப்படி இறக்குவது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதற்குள் ஊருக்குப் போகும் நாளும் வந்துவிட்டது.

காலையில் கீழே டாக்சி வந்து நின்றது. மாமனார் செருப்பை மாட்டும்போது அந்தத் தாள்களை நீட்டினாள். அவர் நின்றபடியே வாசித்தார். முகம் மாறியது.

"என்னை அந்தரத்துல தொங்க விட்டிருக்கே!"

"இறக்கத் தெரியல மாமா."

"அதுவும் இந்த முடிச்சுலயா? இடுப்பு ரெண்டா ஒடிஞ்சுடும். கயிறு எடு. டேய், நீ இங்க வா."

துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து வந்தாள். மாமனார் தன் மகனை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டி, மார்புக்குக் குறுக்கே ஒரு சுற்று, தொடைக்கு அடியில் ஒரு சுற்று என்று விளக்கினார். கப்பலக்கா மளமளவென்று எழுதினாள்.

"அப்பா, வலிக்குது."

"அப்ப சரியாத்தான் கட்டியிருக்கேன்."

இப்படியே ரயில் போய்விடும் என்று அவள் கணக்குப் போட்டாள். காலமெல்லாம் மணியடித்ததும் ஓடிய மனிதர், நேரத்தை மறப்பாரா? டாக்சிக்காரர் ஹாரன் அடித்ததும் நிமிர்ந்தார். "எழுதிட்டியா? சரி. என்னைப் பத்திரமா இறக்கிடு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அவள் கையிருப்பில் இருந்த தந்திரமெல்லாம் தீர்ந்துபோனது. ஓடிப்போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க மாமா."

அவர் நின்றார்.

"யாரையும் இருங்கன்னு நான் சொன்னதில்ல. எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்க போயிட்டா இது எனக்கு வீடாவே இருக்காது. இருங்க மாமா." அழுகையில் மூக்கு ஒழுகியது. எழுதும்போது அவளுக்கு வரும் அழகான வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

மாமனார் கனைத்தார். இன்னொரு முறையும் கனைத்துப் பார்த்தார்.

"சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறியே, பெட்டி என்ன கனம் கனக்குது! அந்தப் பக்கம் தூக்கு. உள்ள வைக்கலாம்."

மகள் பால்கனிக்கு ஓடி, "தாத்தா வரல, நீங்க போங்க!" என்று டாக்சிக்காரரை விரட்டினாள். மாமனாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த தாத்தாவை ஒவ்வொரு அடியாக இறக்கினார்கள். அவர் தரையில் கால் ஊன்றும்வரை, ஜன்னலில் கத்திக்கொண்டிருந்தவனை யாரும் அவிழ்த்துவிடவில்லை.